துறைமுகக் காய்ச்சலும் நுண் ஆர்.என்.ஏ.யும்

உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகத் திருகோணமலை போற்றப்பட்டு வந்துள்ளது. கோணேசர் கோயில் கொண்ட குன்றும், அதனை அடுத்து விரிந்து கிடக்கும் ஆழமான குடாக்களும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் ஆகிய அனைவரையும் தம்பால் ஈர்த்தன. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறைமுகம் இருமுறை கைமாறியது. சனவரித் திங்களில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் அதனைக் கைப்பற்றினர். ஆகஸ்டு இறுதியில் சுவ்ரன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் அதனை அவர்களிடமிருந்து கவர்ந்தார். பின்னர் ஒல்லாந்தருக்கே மீட்டளிக்கப்பட்ட துறைமுகம் 1795 இல் மறுபடியும் பிரித்தானியர் வசமாயிற்று. இக்கைமாற்றங்களை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். ஆயினும், கோட்டையைக் காத்த அயல்நாட்டுப் படைவீரரையும், தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயலுழுத உழவரையும் வேறுபாடின்றித் தாக்கிய பகை ஒன்று உண்டு. அது முறைவைத்து வரும் குளிர்காய்ச்சல். இன்று மலேரியா எனப்படுவது.

இக்காய்ச்சலைப் பற்றி மனிதர் எழுப்பிய வினாக்கள் இரண்டு. காய்ச்சல் எவ்வாறு வருகின்றது என்பது ஒன்று. ஒருவரை மாய்க்கும் காய்ச்சல் அவர் அயலில் வாழும் இன்னொருவரை உயிரோடு விட்டுச் செல்வது ஏன் என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை தேடியோர் நுளம்பையும் ஒட்டுண்ணியையும் கண்டனர். இரண்டாவது வினாவிற்கு விடை தேடியோர் கண்ணுக்கு மட்டுமன்றிச் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத ஒன்றனிடம் வந்து சேர்ந்தனர். அதுவே நுண் ஆர்.என்.ஏ. எனப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆகும். உடலின் வளர்ச்சியிலும் நோயிலும் இந்நுண்பொருளுக்குள்ள பங்கு எவ்வாறு அறியப்பட்டது, அவ்வறிவு துறைமுகக் காய்ச்சலின் வரலாற்றோடு எங்ஙனம் இணைகின்றது என்பன ஈண்டு ஆராயப்படும்.

காற்றின்மேற் சுமத்தப்பட்ட குற்றம்

1659 ஆம் ஆண்டின் இறுதியில் புயலாற் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. புதிய பாய்மரத்திற்கு மரம் தேடி வந்த அக்கப்பலின் தலைவர் ரொபேட் நொக்சும், அதே பெயர் பூண்ட அவர்தம் மகனும், மாலுமியர் பலரும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்படுத்தப்பட்டனர். உள்நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் ஆங்கே குளிர்காய்ச்சலுக்கு ஆளாயினர். தந்தை 1661 ஆம் ஆண்டு பெப்ருவரியில் உயிர் நீத்தார். மகனோ பிழைத்தெழுந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஒரே குடிசையில் ஒரே நோய்க்குட்பட்ட இருவருள் ஒருவர் மாள, மற்றவர் பிழைத்தார். மேலே கூறப்பட்ட இரண்டாவது வினாவிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. வயதும் துயரும் தந்தையை நலிவித்தன என்பது உண்மையே. ஆயினும் வயது ஒன்றே எல்லா வேறுபாட்டையும் விளக்கிவிடாது.

பிரித்தானியர் துறைமுகத்தைக் கைப்பற்றிய காலத்தில் இலங்கையிற் படைத்தொழில் புரிந்த ரொபேட் பேர்சிவல் என்பவர், 1803 இல் வெளியிட்ட தம் நூலில் திருகோணமலையை வெப்பம் மிக்கதும் உடல்நலத்திற்கு ஒவ்வாததுமான இடமெனக் குறித்துள்ளார். அக்காலத்து மருத்துவர் காய்ச்சலுக்குக் காரணம் சதுப்பு நிலங்களினின்றும் காடுகளினின்றும் எழும் கெட்ட காற்றே என நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பொருளும் அதுவே. இக்கருத்து முற்றிலும் பயனற்றதன்று. நீர் தேங்கும் இடத்திற்கும் காய்ச்சலுக்கும் தொடர்புண்டு என்ற உண்மை அதனுள் அடங்கியிருந்தது. எனினும் உண்மையான காரணம் காற்றில் இல்லை. காற்றிற் பறந்த ஓர் உயிரிடத்தே இருந்தது.

நுளம்பும் ஒட்டுண்ணியும்

1880 இல் அல்சீரியாவிற் பணிபுரிந்த லாவரன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளரின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ், நோயாளியின் குருதியை உண்ட அனோபிலிஸ் நுளம்பின் இரைப்பைச் சுவரில் அவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டார். இவ்விரு கண்டுபிடிப்புக்களாலும் முதல் வினாவிற்கு விடை கிடைத்தது.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய தலையாய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்னும் இனமாகும். ஆறுகள் வற்றும்போது மணற்படுகையில் எஞ்சும் தெளிந்த நீர்க்குட்டைகளில் இது முட்டையிடும். மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த நிலமும், குளங்களாலும் வாய்க்கால்களாலும் பின்னப்பட்ட உலர் வலயத்து ஊர்களும் இந்நுளம்பிற்கு எத்துணை வாய்ப்பானவை என்பதைக் கூற வேண்டுவதில்லை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து ஆற்றுநீர் சுருங்குங்காலமே நோய் பெருகுங்காலமாயிற்று. 1934 இல் மழை பொய்த்தபோது, வழக்கமாக நீர் வற்றாத தென்மேற்கு நாட்டு ஆறுகளும் குட்டைகளாயின. அதன் விளைவாக 1934–35 இல் எழுந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். காய்ச்சலோடு நெடுங்காலம் பழகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த உலர் வலயத்து மக்களினும், அதனை அறியாதிருந்த மக்களே அப்போது பெருந்தொகையாக அழிந்தனர். இது மறத்தற்கரிய பாடமாகும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வீடுகளின் உட்சுவரில் டி.டி.டி. தெளிக்கும் முறை நாடெங்கும் பரவியது. நோய் விரைந்து ஒடுங்கி, 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேரே மலேரியா நோயாளராகக் காணப்பட்டனர். வெற்றி நிலைத்துவிட்டதெனக் கருதித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1967 முதல் 1969 வரை நோய் மீண்டும் எழுந்து, இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. பின்னர் 1983 இல் தொடங்கி 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பெருந்துன்பத்துக்குள்ளாயின. 1999 இலும் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். இடம்பெயர்ந்த மக்களிடையேயும் காவலரண்களுக்கு இடையேயும் சென்று குருதி சோதித்தும், மருந்து வழங்கியும், நுளம்புவலை கொடுத்தும் சுகாதாரப் பணியாளர் தம் கடமையை விடாது செய்தனர். 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நீலகிரி தந்த குறிப்பு

இனி, இரண்டாவது வினாவின் வரலாறு. 1952 இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் தமிழ்நாட்டின் நீலகிரிப் பகுதியில் வாழும் பழங்குடி மக்களின் குருதியைச் சோதித்தனர். இருளர், பணியர் முதலிய மக்களிடையே அரிவாள் வடிவச் செங்குருதிக் கலப் பண்பு காணப்பட்டது. ஆபிரிக்க வழியினர்க்கே உரியதென அதுகாறும் பெரிதும் கருதப்பட்ட அப்பண்பு தென்னிந்தியாவிலும் உண்டென்பது அவ்வாய்வால் வெளிப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இப்பண்பைப் பெறும் குழந்தை கடுஞ்சோகைக்கு ஆளாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவோர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். 1954 இல் அலிசன் என்னும் மருத்துவர் கிழக்காபிரிக்காவில் ஆராய்ந்து, இவ்வாறு ஒருவழியாற் பெற்றோரைக் கொடிய மலேரியா எளிதில் வெல்வதில்லை எனக் காட்டினார். தீங்கு விளைக்கும் பண்பு ஒரு மக்கட் கூட்டத்தில் அழியாது நிலைப்பதற்குக் காரணம் அது தரும் காப்பே என்பது தெளிவாயிற்று.

ஆயினும் அக்காப்பு எவ்வாறு நிகழ்கின்றது? ஒட்டுண்ணி புகுந்த கலம் விரைவில் உருத்திரிந்து மண்ணீரலில் அழிக்கப்படுகின்றது என்பது ஒரு விளக்கம். ஒட்டுண்ணி அக்கலத்தினுள் செவ்வனே வளர இயலவில்லை என்பது இன்னொன்று. வளர இயலாமைக்குக் காரணம் யாது என்பது அரை நூற்றாண்டிற்கு மேலாகத் தெளிவுறாதிருந்தது. அதற்கான விடையின் ஒரு பகுதி, காய்ச்சலோடும் குருதியோடும் தொடர்பே இல்லாத ஒரு சிறு புழுவினிடத்திலிருந்து வந்தது என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புக்களுள் ஒன்றாகும்.

புழுவின் வழி வந்த விடை

மண்ணில் வாழும் ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வட்டப்புழு ஒன்றனை உடல் வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்கு உரியதாகச் சிட்னி பிரென்னர் 1960களில் தேர்ந்தெடுத்தார். உடல் ஒளி ஊடுருவத்தக்கதாதலின் அதன் கலங்கள் ஒவ்வொன்றின் பிறப்பையும் பின்தொடர முடிந்தது. இப்புழுக்களுள் லின்-4 என்னும் பரம்பரையலகு பழுதுற்றவை இளமைப் பருவத்துக்குரிய வளர்ச்சிப் படிகளையே திரும்பத் திரும்பச் செய்து, முதிர்ந்த உடலின் உறுப்புக்கள் சிலவற்றைப் பெறாதிருந்தன. லின்-14 என்னும் பரம்பரையலகு பழுதுற்றவை இதற்கு மாறாக இளமைப் படிகளைத் தாண்டி விரைந்து முதிர்ந்தன. இரண்டிற்குமுள்ள உறவை விக்டர் அம்புரோஸ், காரி ரவ்கன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர்.

பரம்பரையலகில் உள்ள செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து செல்லும், அச்செய்திப்படி புரதம் ஆக்கப்படும், உடலின் தொழில்களைப் புரதங்களே நடத்தும். இதுவே அன்றைய கொள்கை. ஆனால் லின்-4 எந்தப் புரதத்தையும் ஆக்கவில்லை. 22 நியூக்கிளியோதைட்டுக்களை மட்டுமே கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. இழையே அதன் விளைபொருள் என அம்புரோசும் ரொசலிண்ட் லீ, ரொண்டா பைன்பாம் என்னும் அவர்தம் துணையாய்வாளரும் கண்டனர். அவ்விழை லின்-14 இன் தூது ஆர்.என்.ஏ.யின் இறுதிப் பகுதியிற் பலவிடங்களில் பொருந்தும் என்பதை ரவ்கன் குழுவினர் காட்டினர். பொருந்திய இடத்தில் தூது தடைப்படும், புரதம் ஆக்கப்படாது. திறப்பு பூட்டினுள் புகுந்து கதவை அடைப்பது போன்றது இச்செயல். 1993 டிசெம்பரில் இரு கட்டுரைகளும் வெளிவந்தபோது, புழுவிற்கு மட்டும் உரிய ஒரு விந்தை என்றே பலர் அதனை ஒதுக்கினர்.

ஏழாண்டு கழிந்து, 2000 ஆம் ஆண்டில் ரவ்கன் குழுவினர் லெட்-7 என்னும் இரண்டாவது சிறு இழையை அறிவித்தனர். இது புழுவில் மட்டுமன்றி, ஈ, மீன், மனிதன் ஈறாகப் பல விலங்குகளிலும் உள்ளதென அவ்வாண்டிலேயே தெரியவந்தது. 2001 இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் இத்தகைய இழைகள் பலவற்றை வெளியிட, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. மனிதரிடத்தில் இவற்றிற்கான பரம்பரையலகுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை என இன்று அறியப்படுகின்றது. கலத்தின் கருவினுள் நீண்ட இழையாகத் தோன்றும் இவை துரோசா என்னும் நொதியத்தால் வெட்டப்பட்டு வெளியேறி, டைசர் என்னும் நொதியத்தால் மேலும் வெட்டப்பட்டு, ஆர்கோனோட் என்னும் புரதத்தின் துணையோடு தொழிற்படுகின்றன. 2003 இல் டைசரை இழந்த சுண்டெலிக் கருக்கள் பிறவாமலே அழிந்தன. நுண் ஆர்.என்.ஏ. இன்றி முதுகெலும்புளது ஒன்றன் வளர்ச்சி நடைபெறாது என்பது இதனாற் பெறப்பட்டது.

வளர்ச்சியை நெறிப்படுத்துவது நெறி தவறின் நோய் விளையும் என்பதும் விரைவில் வெளிப்பட்டது. 2002 இல் கலின், குரோச்சே ஆகியோர் நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோய் ஒருவகையில் நுண் ஆர்.என்.ஏ. இரண்டு இழக்கப்படுவதைக் காட்டினர். 2005 இல் ஈரலில் மிகுதியாக உள்ள ஒரு நுண் ஆர்.என்.ஏ.யைப் பயன்படுத்தியே ஒருவகை ஈரலழற்சி வைரசு பெருகுகின்றது என அறியப்பட்டது. புழுவின் விந்தை எனக் கருதப்பட்ட கண்டுபிடிப்பிற்காக அம்புரோசும் ரவ்கனும் 2024 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

செங்குருதிக் கலத்தினுள்

மனிதனின் முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கரு இல்லை. ஆயினும் அதனுள் நுண் ஆர்.என்.ஏ. எஞ்சியுள்ளது. அவற்றுள் மிர்-451 எனப் பெயரிடப்பட்டது தலையாயது. பிற நுண் ஆர்.என்.ஏ.க்களைப் போலன்றி இது டைசரின் உதவியின்றி ஆர்கோனோட் புரதத்தாலேயே வெட்டப்படுகின்றது என்பது 2010 இல் அறியப்பட்டது. இதனையும் இதனோடு இணைந்த இன்னொன்றையும் இழந்த சுண்டெலிகளின் செங்குருதிக் கலங்கள் ஒட்சியேற்றத் தாக்கத்தைத் தாங்காது எளிதிற் சிதைந்தன. ஆகவே செங்குருதிக் கலம் செவ்விதின் உருவாகவும் நிலைக்கவும் இது வேண்டப்படுகின்றது.

மலேரியா ஒட்டுண்ணிகளுள் மிகக் கொடியதான பல்சிபாரம் இனத்திற்குத் தனக்கென நுண் ஆர்.என்.ஏ. இல்லை, டைசரும் ஆர்கோனோட்டும் அதனிடம் இல்லை. அவ்வொட்டுண்ணி குடிபுகும் வீடோ நுண் ஆர்.என்.ஏ. நிறைந்தது. 2012 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வெளியிட்ட முடிபு இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. மனிதக் கலத்தின் நுண் ஆர்.என்.ஏ.க்கள் சில ஒட்டுண்ணியினுள்ளே புகுகின்றன; அவற்றுள் மிர்-451 உம், லெட்-7 குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றும் அரிவாள் வடிவப் பண்புடைய கலங்களில் மிகுதியாக உள்ளன; அவை ஒட்டுண்ணியின் இன்றியமையாத் தூது ஆர்.என்.ஏ.க்களோடு ஒன்றாக இணைந்து, புரதம் ஆக்கப்படுவதைத் தடுத்து, அதன் வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றன என்பனவே அம்முடிபுகள். வழக்கமான முறையில் தூதின்மேற் பொருந்தி நிற்பதன்றித் தூதினுள்ளேயே இணைந்துவிடுதல் இதன் தனித்தன்மை. இக்காப்பு முழுவதற்கும் இதுவே காரணம் என அவ்வாய்வாளர் கூறவில்லை. ஒரு பகுதிக்கே இதனைக் காரணமாக்கினர். எனினும், நீலகிரியிற் குருதி சோதித்தவர்களும் புழுவின் வளர்ச்சியை நோக்கியவர்களும் ஒருவரையொருவர் அறியாது நடந்த இரு பாதைகள் ஒரு செங்குருதிக் கலத்தினுள் வந்து கூடின.

நுளம்பின் உடலில்

நுண் ஆர்.என்.ஏ.யின் ஆட்சி நுளம்பின் உடலிலும் உண்டு. பெண் நுளம்பு குருதி உண்ட பின்னரே முட்டையை முதிர்விக்கின்றது. 2010 இல் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பில் மிர்-275 என்னும் நுண் ஆர்.என்.ஏ. தடுக்கப்பட்டபோது, உண்ட குருதி செரிக்கவில்லை, முட்டையும் வளரவில்லை. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் இந்திய நகர்ப்புற மலேரியா நுளம்பின் நுண் ஆர்.என்.ஏ.க்கள் 2008 இல் விவரிக்கப்பட்டன. குருதியுண்ட போதும் ஒட்டுண்ணி தொற்றிய போதும் அவற்றின் அளவு மாறுபடுவதைப் புதுடில்லி ஆய்வாளர் 2014 இல் வெளியிட்டனர்.

இச்செய்தி இலங்கைக்குப் புறம்பானதன்று. இலங்கையில் முன்னர் அறியப்படாதிருந்த ஸ்டீபன்சி நுளம்பு 2016 இன் இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆற்றங்கரைக் குட்டையைத் தேடும் கியூலிசிபேசீஸ் போலன்றி இது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடும். கிணறுகள் நிறைந்த கரையோர நகரங்களுக்கும், கப்பல் வந்து செல்லும் துறைமுகங்களுக்கும் இதனால் விளையக்கூடிய தீங்கு வெளிப்படை.

இரு வெற்றிகளின் ஆண்டு

2012 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை இடம்பெறுகின்றது. அவ்வாண்டிலேயே செங்குருதிக் கலத்து நுண் ஆர்.என்.ஏ. ஒட்டுண்ணியைத் தடுக்கும் விதம் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே இலங்கை மண்ணில் தொற்றிய இறுதி மலேரியா நோயாளி பதிவானார். இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நோயை ஒழித்தவை நுண் ஆர்.என்.ஏ. பற்றிய அறிவன்று, குருதிச் சோதனை, மருந்து, வலை, தெளிப்பு, இடைவிடாத கண்காணிப்பு ஆகிய பழைய கருவிகளே. நுண் ஆர்.என்.ஏ.யை அடிப்படையாகக் கொண்ட மலேரியா மருந்து எதுவும் இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

இதனால் நுண்பொருளாராய்ச்சி வீண் எனக் கொள்ளுதல் தவறு. கெட்ட காற்றைக் குறைகூறிய காலத்தில், காய்ச்சற்காலத்திற் பாசறையை இடம் மாற்றுவதற்கும் கொயினா மருந்து கொடுப்பதற்கும் மேலாகச் செய்யத்தக்கது சிறிதே. நுளம்பை அறிந்தபின் தெளிப்பும் வலையும் வந்தன. மருந்தை எதிர்க்கும் ஒட்டுண்ணியும், நஞ்சை எதிர்க்கும் நுளம்பும் உலகில் தோன்றியுள்ள இக்காலத்தில், ஒட்டுண்ணியின் வளர்ச்சியையும் நுளம்பின் கருவளத்தையும் உள்ளிருந்தே தடுக்கும் வழியை அறிதல் அடுத்த படிக்கு இன்றியமையாதது. ஆனால் அடுத்த படி வருமென நம்பி இன்றைய காவலைத் தளர்த்துவோர் 1963 இன் பிழையையே மீண்டும் செய்வோராவர்.

2018 இல் வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளி ஒருவரிடமிருந்து உள்நாட்டவர் ஒருவர்க்கு மலேரியா தொற்றியது. நோய் விரைவிற் கண்டறியப்பட்டமையால் பரவவில்லை. காய்ச்சலோடு பழகிய முந்தைய தலைமுறையினர்க்கு இருந்த எதிர்ப்பாற்றல், அதனை அறியாது வளரும் திருகோணமலைச் சிறுவர்க்கு இல்லை. இவ்வகையில் அவர்கள் 1934 இன் தென்மேற்கு மக்களை ஒத்தவர். எனவே பயணத்தின் பின் காய்ச்சல் கண்டோரின் குருதியைத் தாமதமின்றிச் சோதித்தலும், கிணறுகளையும் தொட்டிகளையும் கண்காணித்தலும் துறைமுக மாவட்டத்தின் அன்றாடக் கடமைகளாகின்றன. கொட்டியாரத்திற் பிடிபட்ட தந்தையும் மகனும் பெற்ற வெவ்வேறு முடிவுகளுக்குக் காரணம் கூற வல்ல அறிவு இன்று கலத்தின் உள்ளறைவரை சென்றுள்ளது. காய்ச்சல் மீளாது காப்பது அவ்வறிவோடு கிணற்றடியிலும் மருத்துவமனையிலும் நடைபெறும் எளிய காவலும் சேர்ந்தே ஆகும்.